சிப்பி நாற்காலி

அதில் உட்காராதீர்கள். இந்தப் பக்கம் வாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறதே, அதை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

காரைக்குடியிலிருந்துதானே? தெரியும். பழைய சாமான் கடை. மருமகன் போனில் சொன்னார். அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்றும் தெரியும். என் வீட்டுக்காரி. சென்னையில் மகள் வீட்டில் இருந்துகொண்டு, தூத்துக்குடியில் கிடக்கிற நாற்காலிக்கு ஆள் பிடிக்கிறாள்.

பாருங்கள். பார்க்கத்தானே வந்தீர்கள். தொடாமல் பாருங்கள்.

உட்காருகிற இடம் சிப்பி. சாய்கிற இடம் இன்னொரு சிப்பி, விசிறியை விரித்த மாதிரி. கை இரண்டும் மீன். தலையை முன்னால் நீட்டி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கால் நாலும் குதிரை, இடுப்புக்குக் கீழே மீன். அடியில் பாறை, நத்தை, பாசி. வெள்ளிப் பூச்சு அங்கங்கே மிச்சம். நீங்கள் இத்தாலி என்கிறீர்கள். இருக்கட்டும். துறைமுகத்துப் பக்கம் ஒரு துரை பங்களாவைக் காலி பண்ணினபோது ஏலத்தில் எடுத்தேன். துரை எங்கே வாங்கினானோ.

ஆனால் ஒன்று சொல்கிறேன். செதுக்கினவன் கடலைப் பார்த்தவன் இல்லை. கை இரண்டும் ஓங்கல் என்று நினைத்துச் செதுக்கியிருக்கிறான். ஓங்கல், அதுதான், படகு கூடவே துள்ளிக்கொண்டு வருமே. எங்கள் ஊரில் அதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. ஓங்கலுக்குச் செதில் உண்டா? இதற்கு இருக்கிறது. புருவம்கூட இருக்கிறது. பெண்டாட்டியிடம் திட்டு வாங்கினவன் மூஞ்சி மாதிரி.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் விற்கிறேன் என்று யார் சொன்னது? அதுதான் விஷயம். சொல்கிறேன். குறுக்கே பேசாதீர்கள், எனக்குப் பிடிக்காது.

வாசலில் போர்டு பார்த்திருப்பீர்கள். பலவேசம் வாடகைப் பாத்திரக் கடை. பலவேசம் நான்தான். அண்டா, குண்டான், ஜமக்காளம், பந்தல், இரும்பு நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் கல்யாண வீட்டுக்கும் போகும், துட்டி வீட்டுக்கும் போகும். துட்டி என்றால் சாவு. காலையில் துட்டி வீட்டு வாசலில் கிடந்த நாற்காலி, சாயங்காலம் கல்யாணப் பந்தியில் கிடக்கும். எந்த ஊர் வாடகைக் கடையிலும் இதுதான். யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அப்புறம் எங்கே உட்காருவது?

இது ஒன்றுதான் விலக்கு. கல்யாணம், சடங்கு, வளைகாப்பு. இதற்கு மட்டும்தான் போகும். துட்டி வீட்டுக்குப் போகாது. அந்தச் சட்டம் போட்டது நான் இல்லை, என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம். நல்ல சட்டம்தான். இந்த ஊரில் பாதிப் பெண்கள் இந்தச் சிப்பியில் உட்கார்ந்துதான் மாலை வாங்கினார்கள். 'சிப்பி நாற்காலி கிடைக்குமா அண்ணாச்சி' என்று கேட்டுவிட்டுத்தான் சிலபேர் முகூர்த்தமே குறிப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கடையில் செந்தூர்க்கனி என்று ஒருத்தி வேலை பார்த்தாள். கனி என்று கூப்பிடுவோம். பாவாடை கட்டுகிற வயதில் பாத்திரம் விளக்க வந்தவள். அப்புறம் சாமான் அடுக்கி வைக்கிற கிட்டங்கி முழுக்க அவள் கையில்தான். வேலைக்காரி. அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்து இந்த நாற்காலி திரும்பி வந்தால் அவள்தான் துடைப்பாள். வேறு யாரையும் தொடவிடமாட்டாள். செதில் இடுக்கில் எல்லாம் அட்சதை அரிசி ஒட்டியிருக்கும், சந்தனம், குங்குமம், ரோஜா இதழ். ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக எடுப்பாள். எடுத்துக்கொண்டே பேசுவாள். "அண்ணாச்சி, இந்தப் பொண்ணு அழுதிருக்கா." எப்படித் தெரியும் என்றால், "மீன் தலையில கண்மை அப்பியிருக்கு பாருங்க. கண்ணைத் தொடச்ச கைய இதுலதான் வச்சிருக்கா." இன்னொரு தடவை, "மாப்பிள்ளை பக்கத்துல நிக்கவே இல்ல போலுக்கே, இந்தப் பக்கம் ஒரு அரிசி கூட விழல." இப்படியே சாயங்காலம் வரைக்கும். எனக்கு வேலை கிடக்கும். இருந்தாலும் நின்று கேட்பேன். சரியாகத் துடைக்கிறாளா என்று பார்க்க வேண்டும் அல்லவா? விலை உயர்ந்த சாமான்.

குனிந்து குனிந்து துடைத்து அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் சொன்னேன், "ஏளா, அதுலயே உக்காந்து தொடையேன்" என்று. இடுப்பு வலிக்குமே என்றுதான் சொன்னேன். வேறொன்றும் இல்லை. அவள் சிரித்தாள். "உக்காந்தா எந்திரிக்க மாட்டேன் அண்ணாச்சி. பரவாயில்லையா?"

வாசலில் தங்கபுஷ்பம் காப்பியோடு நின்றாள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கனிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். அண்ணன் லிங்கதுரை, உப்பளத்தில் வேலை, ஒன்றும் தெரியாதவன். மாப்பிள்ளை வந்தால் என்னிடம்தான் வருவான், "நீங்க விசாரிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று. விசாரித்துச் சொல்வேன். ஒருத்தன் குடிகாரன். ஒருத்தனுக்குக் காது மந்தம். ஒருத்தன் நடக்கிறதே எனக்குப் பிடிக்கவில்லை. விளாத்திகுளத்துக்காரன் ஒருத்தன் வந்தான், பெட்டிக்கடை வைத்திருந்தான். நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் தூரம். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரத்தில் கொண்டு கொடுத்துவிட்டு, ஒன்று என்றால் யார் ஓடுவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. அது என் குற்றமா?

என் மகளை மெட்ராஸில் கொடுத்திருக்கிறேன். அது வேறு. அவள் படித்தவள்.

போன மார்கழியில் கனிக்கு மஞ்சள்காமாலை வந்தது. முதலில் சொல்லவே இல்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, கடை சும்மா கிடக்கும், நாங்களும் கவனிக்கவில்லை. நாட்டு மருந்து சாப்பிட்டிருக்கிறாள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கண் எல்லாம் மஞ்சள். மார்கழி முடிகிறதற்கு முன்னால் போய்விட்டாள்.

லிங்கதுரை விடிந்ததும் வந்து நின்றான். பந்தலுக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"பந்தல் இருக்கட்டும் அண்ணாச்சி," என்றான். "அந்தச் சிப்பி நாற்காலியத் தாங்க. கல்யாணம் ஆகாம போயிட்டா. பொண்ணு மாதிரிச் சோடிச்சுத்தான் அனுப்பணும்னு தெருவுல சொல்லுதாவ. உசுரோட இருக்கையில அதுல ஒரு நாளும் உக்காந்ததில்ல. இப்பமாவது உக்காரட்டும்."

எங்கள் பக்கம் செத்தவர்களை நாற்காலியில் உட்கார வைப்பதுதான் வழக்கம். வாய் திறந்துகொள்ளாமல் நாடிக்கட்டுக் கட்டி, நெஞ்சோடு சேர்த்து ஒரு துண்டால் நாற்காலியில் கட்டி, மாலை போட்டு வாசலில் வைத்துவிடுவோம். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். உங்கள் பக்கம் எப்படியோ.

நான் தங்கபுஷ்பத்தைப் பார்த்தேன். அவள் போட்ட சட்டம். வேண்டாம் என்று சொன்னால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் உள்ளே போனாள். அவளுடைய அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள், கூறைச்சேலை இல்லை, மகள் கல்யாணத்துக்கு எடுத்தது. "நடங்க," என்றாள். அவளே போய்க் கனிக்குக் கட்டிவிட்டாள். தலைக்குப் பூ வைத்தாள். கையில் மஞ்சள் பூசி, நிறைய வளையல் போட்டாள். ஆகாத கல்யாணத்துக்கு என்னென்ன உண்டோ அத்தனையும்.

இதைத்தான் நான் கேட்கிறேன். அப்போது இல்லாத கோபம் அப்புறம் எங்கிருந்து வந்தது?

நாற்காலியில் தூக்கி வைக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. நான் பிடித்தேன். துண்டால் கட்டினதும் நான்தான். கடைப் பயல்கள் மூட்டை கட்டுகிற மாதிரிக் கட்டுவான்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சிப்பி சரியாகத் தாங்கிக்கொண்டது. கையை எடுத்து இரண்டு மீன் தலையிலும் வைத்தேன். விரல் நகத்தில் எல்லாம் மஞ்சள். சாம்பிராணிப் புகை வேறு. கண்ணில் தண்ணீர் வந்தது. புகைதான். தங்கபுஷ்பம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிங்கதுரை போஸ்டர் அடித்தான். கண்ணீர் அஞ்சலி. அங்கேதான் வந்தது வினை. கனிக்கு வேறு போட்டோ கிடையாது. ஆதார் அட்டையில் இருப்பது யாரோ மாதிரி இருக்கும். அதனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த போட்டோவையே ஸ்டுடியோக்காரனிடம் கொடுத்திருக்கிறான். ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் நாடிக்கட்டை அழித்து, கண்ணைத் திறந்து வைத்துக் கொடுத்துவிட்டான். இப்போது எல்லா ஊரிலும் செய்கிறார்கள். ஆனால் அது அவள் கண் இல்லை. வேறு யார் கண்ணையோ எடுத்து ஒட்டியிருக்கிறான். அவளுக்குக் கண் சின்னது. சிரித்தால் இருக்கிற இடம் தெரியாது. ஸ்டுடியோவில் போய்ச் சண்டை போட்டேன். "அண்ணாச்சி, பாக்கிறவங்களுக்கு என்ன தெரியப்போவுது?" என்கிறான். எனக்குத் தெரியாதா?

பெரிய போஸ்டர். பட்டுச் சேலை, மாலை, இந்தச் சிப்பி, இந்த மீன், எல்லாம் பளிச்சென்று. தெருவெல்லாம் ஒட்டினான். அடியில் 'கண்ணீருடன், பலவேசம்' என்று போட்டிருந்தது. கடை பெயரையும் போடச் சொல்லியிருந்தேன். பிரஸ்காரன் இடமில்லை என்று விட்டுவிட்டான். தங்கபுஷ்பம் பெயரையும் போட்டிருக்கலாம். இடமில்லை.

தை பிறந்தது. முதல் முகூர்த்தம். பலசரக்குக் கடை ஆறுமுகநயினார் மகளுக்குக் கல்யாணம். சிப்பி நாற்காலி வேண்டும் என்று ஆவணியிலேயே சொல்லி வைத்திருந்தார். அனுப்பினேன். அனுப்பாமல்? சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறது.

மண்டபத்துக்கு எதிர்ச் சுவரில் அந்தப் போஸ்டர். லிங்கதுரைக்கு வேறு சுவரா கிடைக்கவில்லை?

பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அப்போதுதான் பெண்ணுக்கு அத்தை ஒருத்தி, திருச்செந்தூர்க்காரி, வெளியிலிருந்து உள்ளே வந்தாள். மேடையைப் பார்த்தாள். திரும்பி வாசலைப் பார்த்தாள். "ஏ, இந்த நாற்காலில்லா அந்தச் செவுத்துல இருக்கு! செத்த பிள்ளைல்லா அதுல உக்காந்திருக்கு!"

பெண் எழுந்த வேகத்தில் மாலை இந்த மீன் மூக்கில் மாட்டி அறுந்துவிட்டது. ஒரே அழுகை. ஆறுமுகநயினார் என்னைத் தேடிக்கொண்டு சமையல்கட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, எம் மகளப் பொணம் இருந்த நாற்காலியிலயா உக்கார வச்சிய? நீங்கள்லாம் மனுசனா?"

"சத்தம் போடாதீரும்," என்றேன். "கழுவித்தான் அனுப்பியிருக்கு."

"கழுவினா போயிருமாய்யா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? "அப்படிப் பார்த்தா உம்ம பந்தியில கிடக்குற அம்புட்டு நாற்காலியும் நேத்து சிதம்பரநகர் துட்டி வீட்டுல கிடந்ததுதான். அதுல உக்காந்து சாப்பிடுதாவல்லா?" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பந்தியில் இருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தனும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குனிந்து அடியில் பார்க்கிறான். அடியில் என்ன இருக்கும்? பலவேசம் என்று பெயின்டில் எழுதியிருக்கும். ஒருத்தன் எழுந்தான். பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் வாளியோடு நிற்கிறான். பந்தியே எழுந்துவிட்டது.

உண்மையைச் சொன்னேன். அது தப்பா? ஊரில் இருக்கிற மற்ற வாடகைக் கடைக்காரர்கள் எல்லாம் என்னைத் திட்டினார்கள், அவர்கள் நாற்காலியையும் குனிந்து பார்க்கிறார்களாம். கல்யாணம் நடந்தது, நிற்கவில்லை. பெண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அதற்கப்புறம் ஒரு கல்யாண ஆர்டர் வரவில்லை. துட்டி வீட்டுக்காரன் மட்டும் வருகிறான். அவனும் 'அந்தச் சிப்பி கிடைக்குமா' என்கிறான். அடிக்கப் போய்விட்டேன் ஒருத்தனை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் தங்கபுஷ்பம் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கடை மானம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறுமுகநயினார் திட்டினதைக் கேட்கவில்லை.

"நாற்காலிய யாரு கழுவினா?" என்றாள்.

"நான்தான்."

"நீங்களா? ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்ல."

"கழுவினேங்கேன்."

எழுந்துபோய் நாற்காலியைப் பார்த்தாள். மண்டபத்திலிருந்து அப்போதுதான் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். வலதுபக்கத்து மீன் செதிலில் நகத்தை விட்டுச் சுரண்டினாள். விரலை என்னிடம் நீட்டிக் காட்டினாள். மஞ்சள்.

"கல்யாண வீட்டு மஞ்சளா இருக்கும்," என்றேன்.

"நான் பூசின மஞ்சள் எனக்குத் தெரியாதாங்க? அந்தப் பிள்ள கையில நாந்தான பூசினேன். கல்யாணப் பொண்ணு உக்காரப்போற நாற்காலிய இப்படியே அனுப்பியிருக்கிய. உங்களால தொடைக்க முடியல. அப்படித்தான?"

தண்ணீர் பட்டால் மரம் ஊதிவிடும், பழைய மரம், அதனால் மேலாகத் துடைத்தேன் என்றேன். நீங்களே சொல்லுங்கள், பழைய மரத்தில் தண்ணீர் ஊற்றலாமா? அதை அவளுக்கு யார் புரிய வைப்பது?

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "விளாத்திகுளம் தூரமாங்க?" என்றாள். சம்பந்தம் இருக்கிறதா? நாற்காலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், இவள் விளாத்திகுளம் என்கிறாள். "எங்கம்மா செத்த அன்னிக்கு வெளிய நின்னு லாரிக்காரன்கிட்ட வாடகை பேசிக்கிட்டிருந்திய" என்கிறாள். அது எந்தக் காலத்துக் கதை!

"நான் அவ மேல ஒரு குத்தமும் சொல்லல. அவளுக்கு நாந்தான் தலை பின்னிவிடுவேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இம்புட்டு நாளும் ஓட்டிட்டேன். தெரியாமத்தான் இருக்கிய. ஆனா அந்த நாற்காலி இருக்குற வீட்டுல இனி நான் இருக்க மாட்டேன். வித்துருங்க. வித்துட்டு ஒரு போன் பண்ணுங்க. அடுத்த ரயில்ல வாரேன்."

என்ன தெரியும், என்ன தெரியாது? ஒன்றும் விளங்கவில்லை. பொம்பளைகள் பேச்சு. பேத்தியைப் பார்க்கப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். ஊரில் கேட்கிறவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன். பேத்திக்குப் பரீட்சை. பரீட்சை முடிந்துவிட்டது. முடிந்தாலும் லீவு என்று ஒன்று இருக்கிறதே.

வீட்டில் இருப்பது நான் ஒருத்தன். ஓட்டல் சோறு. சுகர் மாத்திரை எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று அவளுக்குத்தான் தெரியும். இரண்டு தடவை மயக்கம் வந்தது. சொல்லவில்லை அவளிடம். வந்துவிடுவாள். நாற்காலியை விற்றால் வந்துவிடுவாள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள், அதில் சந்தேகம் இல்லை.

அதனால்தான் உங்களை வரச் சொல்லி மருமகனிடம் சரி என்றேன். இல்லை என்று சொல்லவில்லை. கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். காலையில் வண்டிக்காரனுக்குக்கூடச் சொல்லி வைத்தேன். மூட்டை கட்டச் சாக்கு எடுத்து வைத்திருக்கிறேன், அதோ.

யாருக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்கலாமா? பாண்டிச்சேரி ஓட்டலுக்கா? ஓட்டலில் எங்கே போடுவார்கள்? வாசலிலா?

வருகிறவன் போகிறவன் எல்லாம் உட்காருவானா?

போட்டோவுக்கா. அரைக்கால் டிரவுசர் போட்டுக்கொண்டு, கால் மேல் கால் போட்டு. சரி. தினமும் துடைப்பார்களா? மெஷின் வைத்தா? வார்னிஷ் அடிப்பார்களா? புதுசு மாதிரி ஆக்கிவிடுவார்களா? இடுக்கில் இருக்கிறது எல்லாம்?

இல்லை தம்பி. இது உங்களுக்கு உதவாது. பின்னங்கால் குதிரையில் பூச்சி அரித்திருக்கிறது. உட்கார்ந்தால் ஒடிந்துவிடும். ஓட்டல்காரன் உங்களைத்தான் பிடிப்பான். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அரித்த மாதிரித் தெரியவில்லையா? உள்ளே அரித்திருக்கிறது. வெளியே தெரியாது.

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான். இந்த நேரத்துக்குத்தான் பண்ணுவாள். பேசாமல் இருங்கள்.

"சொல்லு. ம். சாப்பிட்டேன். ரசம். இல்ல, இன்னும் வரல. வரலங்கேன். காரைக்குடிக்காரன்தான? வந்தாச் சொல்ல மாட்டனா? யாரு இருமுதா? தெருவுல எவனோ இருமுதான். எனக்கென்ன தெரியும். ம். ம்."

வைத்துவிட்டாள்.

ஒன்றும் இல்லை. "சரி, இனி கேக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். நல்லதாகப் போயிற்று. தினமும் இதே கேள்வி, வித்தாச்சா வித்தாச்சா என்று. விட்டது தொல்லை. கோபமாகவும் பேசவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். பார்த்தீர்களா, நான்தான் சொன்னேனே, அவளுக்குக் கோபம் எல்லாம் ஒன்றுமில்லை.

பேத்தியிடம் கொடு என்று சொல்ல மறந்துவிட்டேன். இருங்கள், திருப்பி அடிக்கிறேன்.

எடுக்கவில்லை.

வேலையாக இருப்பாள். அடுப்பில் ஏதாவது வைத்திருப்பாள்.

எடுக்கவில்லை.

நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? பஸ் இருக்கிறது, நிறைய இருக்கிறது. உட்காருங்கள் தம்பி. உங்கள் போனைக் கொஞ்சம் கொடுங்கள். அதிலிருந்து அடித்தால் எடுப்பாள்.